இடம் விடுதல்



சில மாதங்களாகச் சனிக்கிழமை மாலைகளில், கிண்டியிலுள்ள நம் ஆலயத்தின் கீபோர்டு முன் மாணவனாக அமர்கிறேன். பாடகர் குழுத் தம்பி ஒருவர் எனக்கு லத்தீன் ஜாஸ் கற்றுத் தருகிறார்.

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் தாளம் கியூபாவில் வேரூன்றியது. அதன் முதுகெலும்பு 'கிளாவே'. ஒரு சுற்றுக்கு ஐந்தே தட்டுகள்: ஒரு பாதியில் மூன்று, மறுபாதியில் இரண்டு. அதை ஒட்டியே பியானோ 'மொண்டூனோ' என்னும் சுழற்சியை வாசிக்கிறது. 1947இல் டிஸ்ஸி கில்லெஸ்பியும் கியூபத் தாளக் கலைஞர் சானோ போசோவும் இணைந்து பதிவுசெய்த 'மன்டேகா', இத்தாளம் ஜாஸோடு கலந்ததற்குப் புகழ்பெற்ற சான்று.

மனோதர்மம் என்றால் தோன்றியதையெல்லாம் வாசிப்பது என்றிருந்தேன். வலக்கை ஓடியது, கிளாவே தவறியது. தம்பி நிறுத்தினார். "ஐயா, நீங்கள் இடமே விடவில்லை. முதலில் தாளத்தைக் கேளுங்கள்."

அச்சொல் என்னைத் தைத்தது. சென்ற ஆண்டு, மகனை இழந்த ஒரு தாயின் வீட்டில், ஆறுதல் என்றெண்ணி அரைமணி நேரம் பேசினேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோதும் நான் நிறுத்தவில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் அவரிடம் சென்றேன். "அன்று உங்களைப் பேசவிடவில்லை, மன்னியுங்கள், அம்மா" என்றேன். பின்பு மௌனமாயிருந்தேன். வெகுநேரம் கழித்து, அவர் தம் மகனின் சிறுபிராயத்தைச் சொல்லத் தொடங்கினார்.

யோபுவின் நண்பர்கள் அவருக்கு உண்மையில் துணையாயிருந்தது, வாய் திறவாத அந்த ஏழு நாட்களில்தான். இந்த வாரம் நாம் யாருக்கு இடம் விடப்போகிறோம்?