கூடுதல் குதிரைகள்

2003-ஆம் வருஷம் மானாம்பதியில் என்னிடம் ஒரு பழைய புல்லட் இருந்தது. 1955-லிருந்து சென்னையில் உருவாகி வந்த ரகம், 346 சி.சி., ஏறக்குறைய 18 குதிரைச் சக்தி. எனக்கோ இருபது சொச்சம் வயது. பதினெட்டுக் குதிரைகள் போதவில்லை. ஹெட்டைச் சீவிக் கம்ப்ரஷனை ஏற்றினேன், சைலன்சரையும் திறந்துவிட்டேன். ஒரு மாதம் வண்டி பறந்தது.

ஒரு நடுராத்திரி அப்பாவுக்கு மூச்சு முட்டியது. உத்திரமேரூர் டாக்டரை அழைத்துவரக் கிளம்பினேன். பாதி வழியில் பிஸ்டன் இறுகி வண்டி நின்றது. பால் லாரிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டதால் டாக்டர் வந்து சேர்ந்தார், அப்பா பிழைத்தார்.

கிழ மெக்கானிக் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார்.

"சைலன்சரைத் திறந்தால் காற்று கூடும். பெரிய ஜெட் போட்டுப் பெட்ரோலையும் கூட்டினாயா, தம்பி? அதனால்தான் இந்தச் சூடு. கம்ப்ரஷனை ஏற்றினால் அடியிலுள்ள பேரிங் அல்லவா அடி வாங்கும்?"

போர் போட்டுப் புதுப் பிஸ்டன் மாற்றினார். கம்ப்ரஷனைப் பழைய அளவுக்கே இறக்கினார். கரியைச் சுரண்டி, வால்வுகளைத் தேய்த்து உட்காரவைத்து, டைமிங்கைச் சரிபார்த்தார். வண்டி நான் வாங்கிய நாளைவிட நன்றாக இழுத்தது.

"சக்தியை ஏற்றவில்லை, தம்பி. வீணாய்ப் போய்க்கொண்டிருந்ததை நிறுத்தினேன்" என்றார்.

வண்டி வீடு வந்த அன்று, திண்ணையில் சாய்ந்திருந்த அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ராத்திரியில் உதைத்தால் கிளம்புமாடா?"

"கிளம்பும், அப்பா" என்றேன். குரல்தான் சரியாகக் கிளம்பவில்லை.