சிங்க முத்திரையும் ஒரு வில்லும்

பென்னாகரத்துக்கு அப்பால், ஒகேனக்கல் சாலையிலிருந்து பிரியும் மண்பாதையில் அந்த வீடு. மார்கழிக் காலையில் நான் போனபோது பெரியவர் முற்றத்தில் துப்பாக்கியைக் கழுவிக்கொண்டிருந்தார். குழல்வாயில் சுடுதண்ணீர் ஊற்ற ஊற்ற, அடியில் கேப்பு மாட்டும் துளை வழியே கரிக்குழம்பு வழிந்தது. அழுகின முட்டை வாடை. "வெடிச்ச கையோட கழுவிடணும் தம்பி. ஒரு நாள் விட்டா அந்தக் கசடு ஈரத்தை இழுத்துத் துரு ஏத்திடும்."

முந்தின இரவு கேழ்வரகுக் கொல்லையில் இறங்கிய பன்றிகளை விரட்ட, குண்டு போடாமல் வெறும் மருந்தைக் கெட்டித்து ஒரு வேட்டு விட்டிருக்கிறார். தாத்தா காலத்திலிருந்து லைசென்ஸ் வைத்திருக்கும் குடும்பம். தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார்.

காய வைத்த பிறகு பூட்டுத் தகட்டை உற்றுப் பார்த்தேன். பின்னங்கால்களில் நிமிர்ந்து கிரீடம் ஏந்திய சிங்கம், பாதி தேய்ந்திருந்தது. 1808 வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆயுதங்களில் பொறிக்கத் தொடங்கிய முத்திரை அது. சிங்கத்துக்குப் பக்கத்தில் இரண்டு திருகுத் துளைகளை அடைத்த தடம். ஒரு காலத்தில் சக்கிமுக்கிக் கல்லில் பொறி தட்டிய பூட்டு இது. 1840-களில் பட்டாளங்கள் கேப்புக்கு மாறியபோதோ அதற்குப் பிறகோ மாற்றியிருக்கிறார்கள். கம்பெனிப் பட்டாளத்து 'இந்தியா பேட்டர்ன்' குழல் 39 அங்குலம். இதை அளந்தேன், 30 கூட இல்லை. காட்டுக்குள் தூக்கிக்கொண்டு நடக்க யாரோ அறுத்திருக்கிறார்கள். 1792-இல் திப்புவிடமிருந்து கம்பெனி கைக்குப் போன பாராமகால் மண் இது. ஆனாலும் இந்தப் பூட்டு எந்தப் பட்டாளக்காரன் தோளில் வந்தது என்று சொல்ல ஒரு காகிதமும் இல்லை.

"இப்பல்லாம் குதிரை ரெண்டு தடவை விழுந்தாத்தான் கேப்பு வெடிக்குது" என்றார். உள்ளே இருக்கும் வில் தளர்ந்துவிட்டது. அதைச் செய்த கொல்லர் இறந்துபோய்ப் பல வருஷம். மகனின் பட்டறை பக்கத்து ஊரில்.

நான் அங்கே போனபோது மகன் லாரிப் பட்டையில் அரிவாள் அடித்துக்கொண்டிருந்தார். வில்லைப் பற்றிக் கேட்டதும் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டார். "சிவக்கக் காய்ச்சி எண்ணெயில முக்கினா கண்ணாடி மாதிரி உடையும் சார். மறுபடி எண்ணெய் தடவி அனல்ல காட்டணும். எண்ணெய் தானா பத்தி, தானா அணையணும். அந்த நேரம்தான் கணக்கு. அப்பா வாயால சொன்னதில்லை, பக்கத்துல நிக்க வெச்சுப் பார்க்கச் சொன்னாரு."

1959 ஆயுதச் சட்டப்படி பழுது பார்க்கவும் லைசென்ஸ் வேண்டும். அப்பாவின் லைசென்ஸ் அப்பாவோடு முடிந்தது. மகன் எந்தத் துப்பாக்கியையும் தொடுவதில்லை. பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கோ அதே சட்டம் விலக்குத் தருகிறது. 2003-இல் காட்மாண்டு அரண்மனைக் கிடங்கில் கிடந்த பழைய துப்பாக்கிகளை அமெரிக்க வியாபாரிகள் ஆயிரக்கணக்கில் வாங்கிப் போனார்கள். ஆக, சிங்க முத்திரைக்கு விலை கொடுக்க ஆள் உண்டு. என் கவலையெல்லாம் அந்த எண்ணெய் அணையும் நொடியை அறிந்த இந்தக் கண்ணைப் பற்றித்தான். லைசென்ஸ் உள்ள ஒரு பட்டறையில் இவரை உட்கார வைத்து, அருங்காட்சியகத்துத் துப்பாக்கிகளையாவது கொடுத்துப் பார்க்கலாம்.

கிளம்பும்போது ஒரு துண்டுப் பட்டையை எடுத்து, நான் பார்க்க ஒரு வில் செய்தார். கட்டைவிரலால் அழுத்திவிட்டார். விண்ணென்று நிமிர்ந்தது. மூன்று முறை அழுத்திப் பார்த்துவிட்டு, ஆணிகள் கிடந்த டப்பாவில் போட்டார்.