பத்மநாபபுரத்து மாளிகையில் ஒரு பகல்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் நமது பங்குச் சிறுவர்களைத் தென்காசியில் பிடித்து வைக்க இயலாது. சென்ற ஆண்டு ஒரு ஞாயிறன்று, மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் அவர்களை அருவிக்கு அழைத்துச் சென்றிருந்தோம். திருவிதாங்கூர் மன்னர்கள் அங்கே வரும்போது தங்கிய மாளிகை ஒன்று உண்டு. இன்றும் அது கேரள அரசின் பொறுப்பில் இருக்கிறது. அதைப்பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கையில் ஒரு சிறுமி, "நம்ம தென்காசி ராஜாவோட அரண்மனை எங்க இருக்கு சாமி?" என்று கேட்டாள்.

நாம் விழித்தோம். பராக்கிரம பாண்டியர் 1446இல் கட்டத் தொடங்கிய விசுவநாதர் கோயில் ஊர் நடுவே ஓங்கி நிற்கிறது. அதைப் பேணுவோரைத் தாம் வணங்குவதாக அம்மன்னர் கல்லிலே பொறித்தும் வைத்தார். அவர் மரபில் வந்த அதிவீரராமர் நைடதம் பாடிய புலவர். ஆனால் அப்பாண்டியர் உண்டு உறங்கிய வீட்டைக் காட்டச் சொன்னால், உள்ளே நின்று பார்க்க ஓர் அறைகூட இல்லை.

கல்லூரியில் பயிலும் தம்பி ஒருவன் தன் கைபேசியில் இரசியப் பேரரசரின் குளிர்கால அரண்மனையைக் காட்டினான். இராஸ்திரெல்லி என்னும் இத்தாலிய மரபினர் 1754 முதல் 1762 வரை எழுப்பியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகள். பொன் பூசிய சுவர்கள், சலவைக்கல் படிக்கட்டு. "நம்ம பக்கம் இப்படி ஒண்ணு உண்டுமா சாமி?" என்றான். "உண்டு, ஏறத்தாழ அதே காலத்தது, ஆனால் பொன் இராது, மரம்தான் இருக்கும்" என்றோம். பத்மநாபபுரம் செல்வது என்று அன்றே முடிவாயிற்று.

திருப்பலி முடிந்து இதை அறிவித்தபோது, மரியாயின் சேனையில் நெடுங்காலம் உழைத்த மூதாட்டி ஒருவர் நம்மை மறித்தார். "நம்ம தேவசகாயம் பிள்ளையைக் கொல்லச் சொன்ன ராசா வீட்டுக்கா சாமி பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போறீக?" இறையியல் படித்த நமக்கும் உடனே விடை வரவில்லை. "நீங்களும் வாங்க பாட்டி" என்று மட்டும் சொன்னோம். வந்தார்.

விடியுமுன் தென்காசியிலிருந்து வண்டி புறப்பட்டது. ஆலங்குளம், நெல்லை, நாங்குநேரி கடந்து வடக்கன்குளத்திற்குத் திரும்பினோம். அரண்மனை ஊழியராயிருந்த நீலகண்டப் பிள்ளை 1745 மே 14 அன்று இங்கேதான் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். இதே ஊரின் ஆலயத்தில் பிற்காலத்தில் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்த சுவர் நின்றது என்பதையும், அது 1910இல் இடிக்கப்பட்டது என்பதையும் சிறுவர்களுக்குச் சொன்னோம். பாட்டிக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாகர்கோவில் கடந்து தக்கலையை நெருங்குகையில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை வருகிறது. 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மரிடம் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவர் தெலனாய், பின்பு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி அளித்து, 1777இல் இறந்து அங்கே துயில்கிறார். நீலகண்டருக்கு யோபு ஆகமத்தின் கதையைச் சொல்லித் தேற்றியவர் அவரே. கல்லறைக் கல்லின் இலத்தீன் வரிகளைப் படித்துப் பொருள் கூறினோம். குருமடத்தில் கற்ற இலத்தீன் இப்படி எப்போதாவதுதான் உதவுகிறது!

அரண்மனை அங்கிருந்து தொலைவில்லை. நிலம் தமிழ்நாடு, நிருவாகமோ கேரளத் தொல்லியல் துறை. 1956இல் குமரி மாவட்டம் நம்மோடு இணைந்தபோதும் இம்மாளிகை அவர்கள் பொறுப்பிலேயே நின்றது. திங்கட்கிழமை விடுமுறை என்பதைப் போக விரும்பும் அன்பர்கள் நினைவிற் கொள்க.

காலணியைக் கழற்றிவிட்டு நுழைந்தால் முதலில் பூமுகம். மேற்கூரையை அண்ணாந்து பார்த்த சிறுவர்கள் அங்கேயே நின்றுவிட்டனர். மரத்தில் செதுக்கிய தொண்ணூறு மலர்கள். ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. குதிரைவீரன் உருவம் தாங்கிய பித்தளை விளக்கு ஒன்று தொங்குகிறது. எப்பக்கம் திருப்பினாலும் சாயாது நிற்கிறது. அருகே குளிர்ந்த கருங்கற் கட்டில். சீன வணிகர் தந்ததாகச் சொல்லப்படும் நாற்காலியும் உண்டு.

செங்குத்தான குறுகிய மரப்படியில் ஏறினால் மந்திரசாலை. மன்னரும் அமைச்சரும் நாட்டுக் காரியம் பேசிய கூடம் இது. இரசியத்து மண்டபங்களை எண்ணி வருவோர்க்கு, இது நம் ஊர்ப் பெரிய வீட்டு மச்சு போலத்தான் தோன்றும். ஆனால் மரச்சாளரத்தின் அபிரகத் தகடுகள் வழியே ஒளி வடிந்து விழுகிறது. வெளியே வெயில் கொளுத்த, உள்ளே குளிர்ச்சி. தரையோ கருங்கண்ணாடி! சுட்ட சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு முதலியவற்றைக் குழைத்துப் பூசித் தேய்த்தது. ஆடம்பரப் பொருள் ஒன்றுமில்லை. தென்னந்தோப்பிலும் கோழிக்கூட்டிலும் கிடைப்பவற்றைக் கொண்டே அரசவைக்குரிய தரையைச் செய்திருக்கிறார்கள். பொன்தகட்டைவிட இத்தரையே நம் மனத்தைக் கவர்ந்தது.

"இங்க உக்காந்துதான் தீர்ப்புச் சொன்னாகளா?" என்று பாட்டி வழிகாட்டியைக் கேட்டார். அவருக்கு இந்தக் கேள்வி புதிது போலும். ஆலோசனை நடந்த இடம் என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் சொல்ல நம்மிடமும் சான்று இல்லை. பாட்டி குனிந்து தரையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

அடுத்து ஊட்டுப்புரை. நீண்ட இரு தளங்கள். தளத்திற்கு ஆயிரம் பேர் அமரலாம். ஊறுகாய்ச் சாடிகளைக் கண்டு நம் அன்னையர் வியந்தனர். நாள்தோறும் இத்தனை பேருக்கு அன்னமிட்ட அறம் பெரிதுதான். ஆயினும் அக்காலத் திருவிதாங்கூரின் ஊட்டுப்புரைகள் அந்தணர்க்கே உரியவை. எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகத் துணிந்ததும் தேவசகாயத்தின் மேல் வந்த பகைக்கு ஒரு காரணம் என்பதை இங்கே நின்று நினைத்தபோது, வடக்கன்குளத்துச் சுவரும் உடன் நினைவுக்கு வந்தது. இம்முறை பாட்டி நம்மை நேரே பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுலயும் இருந்துச்சுதான்" என்றார்.

தாய்க்கொட்டாரம் எல்லாவற்றிலும் பழையது, பதினாறாம் நூற்றாண்டினது. முற்றத்தைச் சுற்றிய நாலுகட்டு. ஒற்றைப் பலாமரத்தில் இழைத்த தூண். நவராத்திரி மண்டபத்தின் ஆடலைப் பெண்கள் மறைவிலிருந்து மரத் துளைகள் வழியே பார்த்திருக்கிறார்கள். அத்துளைகளில் கண்வைத்துப் பார்த்த சிறுமியர், "பாதிதான் தெரியுது" என்று குறைப்பட்டனர்.

நான்கு தளமாய் உயர்ந்த உப்பரிகை மாளிகைக்கு வந்தோம். கீழே கருவூலம், அதன் மேலே மன்னரின் கட்டில். மூலிகை மரங்கள் 64 வகை சேர்த்துச் செய்தது, டச்சுக்காரரின் பரிசு என்பர். உச்சியில் சுவரோவியங்கள் நிறைந்த வழிபாட்டறை. 1750இல் மார்த்தாண்ட வர்மர் தம் நாட்டையே பத்மநாபருக்கு ஒப்படைத்து, அவருடைய தாசராக இருந்தே ஆள்வதாக உறுதி பூண்டார். ஆண்டுதோறும் நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் செல்லும் பவனிக்கு மன்னரின் உடைவாள் இம்மாளிகையிலிருந்தே இன்றும் எடுத்துத் தரப்படுகிறது.

"இது எந்த வருசம் கட்டினது?" பாட்டியின் அடுத்த கேள்வி.

"1750ஐ ஒட்டி."

அவர் விரல்விட்டு எண்ணினார். "நாப்பத்தொம்பதுல பிடிச்சாக. அம்பத்திரண்டு சனவரி பதினாலுல சுட்டாக." சற்று நின்று, "அப்ப, இதைக் கட்டுறப்ப அவரு விலங்குல கிடந்தாரு" என்றார்.

பலமுறை இங்கு வந்தும் இக்கணக்கை நாம் போட்டதில்லை. இத்தளங்கள் உயர்ந்த நாட்களில், இதே அரண்மனையில் பணிபுரிந்த ஒருவர் அரசத் துரோகி என்னும் பழியோடு ஊர் ஊராய் இழுக்கப்பட்டார். மன்னர் தம் கடவுளுக்கு ஊழியர். பிள்ளையும் தம் கடவுளுக்கு ஊழியர். வாள் ஒருவரிடம்தான் இருந்தது. அரசரைக் கொடியவர் என்று முடித்துவிட நமக்கு மனமில்லை. சிதறிய நாட்டை ஒன்றாக்கியவர் அவர். மறைசாட்சியின் இரத்தத்தை மறந்து, மரவேலையை மட்டும் புகழவும் மனமில்லை. பாட்டி ஒன்றும் சொல்லாமல் அறையின் வாயிலில் வெகுநேரம் நின்றார்.

1795இல் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறியது. வெளியே வந்து தென்னை நிழலில் கட்டுச்சோறு உண்டோம். திரும்பும் வழியில், மறைசாட்சி அடக்கமாகியிருக்கும் கோட்டாறு ஆலயத்தில் செபித்தோம். 2012இல் அருளாளராகவும், 2022 மே 15 அன்று புனிதராகவும் அவர் உயர்த்தப்பட்டதை அறியாதோர் நம் வண்டியில் இல்லை. ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளுக்கு நடுவே, அவர் சுடப்பட்ட காற்றாடிமலையில் இறங்கியபோது பொழுது சாய்ந்துவிட்டது. பாட்டி முழங்காலிட்டு ஒரு காரணிக்கம் சொன்னார். முடித்து எழுந்தவர், "சாமி, அந்த ராசாவுக்கும் ஒரு பரலோக மந்திரம் சொல்லிருக்கேன்" என்றார்.

இரவு ஆலங்குளம் தாண்டும்போது, மேற்கூரைப் பூக்கள் தொண்ணூறா எண்பத்தொன்பதா என்று சிறுவர் வழக்காடிக்கொண்டிருந்தனர். ஒருவன் எண்ணியதில் ஒன்று குறைந்ததாம். பாவூர்சத்திரத்தில் சாரல் பிடித்துக்கொண்டது, சன்னல்களை இறக்கினோம்.