பெயிண்டுக்கு அடியில் ஓர் எண்

பிரிக்பீல்ட்ஸில் காலைப் பசியாறிவிட்டு, கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினேன். கடைசி நிலையம் கிள்ளான் துறைமுகம். 2024 நவம்பரில் அமெரிக்காவின் ஆப்ரகாம் லிங்கன் விமானந்தாங்கிக் கப்பல் இந்தத் துறைமுகத்துக்கு வந்து போனது. அதன் படம் என் கைப்பேசியில் இருந்தது. கரையோரப் பட்டறை ஒன்றில் வெல்டிங் வேலை செய்யும் ராமநாதபுரத்துக்காரரிடம் அதைக் காட்ட வேண்டும். கொச்சியில் இந்திய விமானந்தாங்கி விக்ராந்த் கட்டப்பட்டபோது ஒப்பந்த ஆளாக அங்கே இருந்தவர் அவர்.

கரையேற்றி நிறுத்தியிருந்த ஓர் இழுவைப் படகின் அடியிலிருந்து வெளியே வந்தார். முகமூடியைத் தூக்கிக்கொண்டு படத்தைப் பார்த்தார்.

"எல்லாரும் விமானத்தத்தான் பாப்பாங்க தம்பி. நீங்க மேல்தளத்தோட ஓரத்தப் பாருங்க."

லிங்கனின் மேல்தளம் ஏறக்குறைய 77 மீட்டர் அகலம். நீர்மட்டத்தில் உடம்பின் அகலம் 41 மீட்டர்தான். மிச்சமெல்லாம் தாழ்வாரம் போலக் கடலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. விமானம் இறங்கும்போது அந்தத் தளத்தில் மோதி, குறுக்கே கட்டிய கம்பியைக் கொக்கியால் பிடித்து, சுமார் 100 மீட்டருக்குள் நிற்கிறது. அந்த அடியை எஃகுத் தகடும் தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே ஓடும் வெல்டிங்கும்தான் தாங்க வேண்டும். விமானந்தாங்கியின் வடிவமைப்பு வரைபடத்தோடு முடிவதில்லை என்று எனக்குப் புரிந்தது அந்த இடத்தில்தான்.

அவர் பக்கத்தில் ஒரு சின்ன மின் அடுப்பு இருந்தது, சுடச்சுட. சோறு வைக்க அல்ல, வெல்டிங் ராடு வைக்க. ராடின் மேல்பூச்சு காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிட்டால், பற்றவைக்கும்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் போய்விடும். அப்போதைக்கு எதுவும் தெரியாது. ஒருநாள், இரண்டுநாள் கழித்து உள்ளே மயிரிழையாய் விரிசல் விடும். அதனால்தான் கனத்த தகடுகளை முடித்தவுடன் சோதிக்காமல், இரண்டு நாள் ஆறவிட்டுப் பிறகு அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்க்கிறார்கள். தகட்டையும் முன்கூட்டியே சூடேற்ற வேண்டும். ஒரே மூச்சில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓட்டினால் தகடு அப்பளமாய் நெளிந்துவிடும். நடுவிலிருந்து இருபுறமும் விட்டுவிட்டு ஓட்ட வேண்டும். கிள்ளான் காற்றின் புழுக்கத்தில் இந்த ஒழுங்கைக் காப்பது எளிதல்ல. சின்னப் படகுக்கும் அவர் அதே ஒழுங்கைக் காத்தார்.

விக்ராந்துக்கான எஃகு ரஷ்யாவிலிருந்து வரும் என்ற எண்ணத்தில்தான் முதலில் இருந்தார்கள். அது கைகூடவில்லை. ஹைதராபாத்தின் உலோக ஆய்வுக்கூடம் டிஎம்ஆர் 249 என்ற எஃகை உருவாக்கியது. இந்திய எஃகு ஆணையத்தின் ஆலைகளிலிருந்து 30,000 டன் போனது. உடம்புக்கு 'ஏ' வகை, விமானத் தளத்துக்கு 'பி' வகை. 2009 பிப்ரவரியில் அடித்தண்டு வைத்த 262 மீட்டர் கப்பல், 2022 செப்டம்பர் 2 அன்று கடற்படையில் சேர்ந்தது. இதைத் தன் வீட்டு விசேஷம் போலத் தேதி பிசகாமல் அவர் சொன்னார்.

இந்தக் கரைக்கு விமானந்தாங்கிகள் புதியவை அல்ல. 1945 செப்டம்பர் 9 அன்று, ஜப்பான் சரணடைந்த பின், பிரிட்டிஷ் இந்தியப் படைகள் மோரிப் கடற்கரையில் இறங்கின. வண்டிகள் சேற்றில் புதைந்தன. கடலில் துணை நின்ற எம்பரர், கெடிவ் ஆகிய விமானந்தாங்கிகள் சரக்குக் கப்பலுக்கான உடம்பின்மேல் தளம் போட்டு அமெரிக்காவில் கட்டப்பட்டவை. நீளம் 150 மீட்டர் அளவுதான். போர்க்காலத்தில் அவ்வளவு வேகமாக அவற்றைக் கட்ட முடிந்ததற்கு வெல்டிங் ஒரு முக்கியக் காரணம்.

கிளம்பும்போது, அவர் பெயர் விக்ராந்தில் எங்காவது இருக்கிறதா என்று கேட்டேன்.

"பேரு இல்ல தம்பி, நம்பர். ஓட்டி முடிச்ச எடத்துக்குப் பக்கத்துல அவங்கவங்க நம்பரப் போடணும். தப்பு வந்தா யாருன்னு தெரியணும்ல. அப்புறம் பெயிண்டு அடிச்சிருவாங்க."

கிள்ளானிலோ காப்பாரிலோ பந்திங்கிலோ உங்கள் குடும்பத்தில் கப்பல் பட்டறையில் உழைத்தவர் இருந்தால், எந்தக் கப்பல், எந்த இடம், என்ன எண் என்று கேட்டு எழுதி வையுங்கள்.