கோடு எங்கே விழ வேண்டும்?

விருத்தாசலம் செராமிக்குக்குப் பேர்போன ஊர். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது வெளிவரும் களிமண் இந்தத் தொழிலுக்கு ஒரு பெரிய பலம். இங்குள்ள தொழிற்பேட்டையில் அகல்விளக்கு முதல் கொலு பொம்மை வரை வார்க்கிறார்கள். அங்கே ஒரு பட்டறைக்கு அச்சு எடுக்கக் கற்றுக்கொள்ளப் போயிருந்தேன்.

அச்சு எடுக்கும் பெரியவர், களிமண்ணில் செய்த ஒரு சாண் உயரப் பிள்ளையாரை என் முன்னால் வைத்துப் பென்சிலை நீட்டினார். “கோடு போடுங்க தம்பி. எது முன்பாதி, எது பின்பாதி?”

தோளிலிருந்து முழங்கால் வரை சுலபமாக இறங்கியது கோடு. சிக்கல் தும்பிக்கையில். அதற்கும் தொந்திக்கும் நடுவிலுள்ள இடுக்கில் பிளாஸ்டர் புகுந்து இறுகிவிட்டால் அச்சு கழலாது. இழுத்தால் தும்பிக்கையும் சேர்ந்து வரும். “மனசுக்குள்ளேயே கழட்டிப் பாருங்க. எந்தப் பக்கம் இழுத்தா வரும்னு தெரிஞ்சப்புறம் பிளாஸ்டர் கரைச்சாப் போதும்” என்றார். அந்த இடுக்குக்கு மட்டும் தனியாக ஒரு சிறு துண்டு வைத்தார். ஆக, மூன்று துண்டு அச்சு.

கோடு வரை களிமண்ணால் அணைகட்டி, சுற்றிப் பலகை நிறுத்தினோம். 10 பங்கு பிளாஸ்டருக்கு 7 பங்கு தண்ணீர். பொடியைத்தான் தண்ணீரில் தூவ வேண்டும். அது தானாக ஊறிய பிறகு, குமிழி வராமல் கையை அடியிலேயே வைத்துக் கலக்க வேண்டும். தண்ணீர் கூடினால் அச்சு பலமிழக்கும், குறைந்தால் ஈரம் உறிஞ்சாது. ஊற்றிய சிறிது நேரத்தில் பலகை சுடத் தொடங்கியது. ஜிப்சத்தைச் சூடாக்கி நீரைப் போக்கிச் செய்த பொடி அது. இழந்த நீரைத் திரும்ப வாங்கிக் கல்லாகும்போது வெப்பத்தை விடுகிறது. அடுத்த துண்டை ஊற்றுமுன் இறுகிய முகத்தில் சோப்புக் கரைசல் தடவினார். தடவாவிட்டால் துண்டுகள் ஒட்டி ஒரே கல்லாகிவிடும்.

அச்சு நன்றாகக் காய வேண்டும். அவசரப்பட்டு அதிகம் சூடாக்கினால் மறுபடி பொடியாக உதிரும். கார்த்திகைக்கான வேலை குவியும் நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழையும் வரும். பெரியவர் மழையைத் திட்டியதில் முழு நியாயம் இருந்தது.

காய்ந்த அச்சில் மண்கூழை ஊற்றினால் சுவர் நீரைக் குடிக்கிறது. உட்புறம் தோல் கட்டுகிறது. வேண்டிய கனம் வந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிடுகிறார்கள். மண் சற்றே சுருங்கி, பொம்மை தானே அச்சை விட்டு விலகுகிறது. வார்க்க வார்க்க அச்சு தேயும். கண்ணிமை, நகம் போன்ற நுணுக்கங்கள்தான் முதலில் மழுங்கும்.

வாங்குகிறவர்கள் வண்ணத்தைப் பாராட்டுகிறார்கள். அச்சு எடுத்தவரை யாரும் விசாரிப்பதில்லை. எனக்கு அது பெரும் அநியாயமாகப் படுகிறது. அவர் போட்ட கோடு ஒவ்வொரு பொம்மையிலும் மெல்லிய மேடாக விழுகிறது. அதைச் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைக்கும் பெண்களுக்குப் பொம்மைக் கணக்கில்தான் கூலி. அவர்களில் ஒருவர் நிமிராமலே பெரியவரிடம் சொன்னார்: “மாமா, அடுத்த பிள்ளையாருக்குக் கோட்டைக் காது ஓரமா கொண்டுபோங்க. கன்னத்துல விழுந்தா ஒரு பொம்மைக்கு ரெண்டு பொம்மை நேரம் ஆகுது.”