கிணற்றடி இச்சி

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டை இடித்தபோது, கொல்லைக் கிணற்றின் கைப்பிடிச் சுவரிலிருந்து இந்த இச்சியை எடுத்தேன். அடிமரம் தொடைப் பருமன். சுண்ணாம்புக் காரையைப் பற்றியே வளர்ந்த வேரில் செங்கல்லின் விளிம்பு அப்படியே பதிந்திருந்தது. கடப்பாரையால் நெம்பிக் கொடுத்த கொத்தனார், "செவுத்தையே பொளக்குற மரம் சார், இதைப் போயி தொட்டியில வைக்கப் போறீங்களா?" என்று கேட்டார். நுனியில்தான் இலை, உள்ளே முழுக்க மொட்டைக் கொம்பு.

இப்படி இயற்கையில் முதிர்ந்த மரத்தை எடுத்துப் போன்சாய் ஆக்குவதை ஜப்பானியர்கள் 'யமதோரி' என்பார்கள். 'யம' என்றால் மலை. அவர்களுக்கு மலைப்பாறையில் ஜூனிபரும் பைனும். நமக்குச் சுவரிலும் கிணற்றிலும் அரசும் இச்சியும். இந்த மரங்களில் முதுமை தயாராக இருக்கிறது. அடிமரத்தை ஒட்டிய இளங்கிளைதான் இருக்காது. அதை வரவழைப்பதுதான் வேலையே.

இச்சியை எங்கே வெட்டினாலும் துளிர்க்கும் என்போம். ஜூனிபரில் ஒரு கிளையின் பச்சையை முழுக்க மழித்துவிட்டால் அந்தக் கிளை போனதுதான். இச்சிக்குப் பழைய பட்டையின் அடியிலும் உறங்குமொட்டுகள் உண்டு. அந்தத் தைரியத்தில், எடுத்து வைத்த மூன்றாம் மாதமே கீழ்க்கிளையை ஓர் இலைகூட விடாமல் நறுக்கினேன். நல்ல இச்சியை வெட்டினால் பால் சொட்டும். இதில் லேசாக ஈரம் கசிந்ததோடு சரி. ஒரு மாதத்தில் கிளை சுருங்கிவிட்டது. நகத்தால் கீறினால் உள்ளே பழுப்பு. முதல் கிளை என்று நான் மனத்தில் வரைந்து வைத்திருந்தது அதைத்தான். இன்றும் அந்த இடத்தைப் பார்த்தால் எனக்கு வலிக்கும்.

வளரும் நுனியில் ஊறும் ஆக்சின் என்ற ஹார்மோன் கீழே இறங்கி, உறங்குமொட்டுகளை அடக்கி வைக்கிறது. நுனியைக் கிள்ளினால் அந்தப் பிடி தளரும். ஆனால் மொட்டு விழித்தால் போதுமா? அது வளர, இலைகள் சமைத்துச் சேர்த்த மாவுச்சத்து வேண்டும். மொட்டைத் தூண்டும் சைட்டோகைனின் என்ற இன்னொரு ஹார்மோன் புது வேர்நுனியிலிருந்து ஏற வேண்டும். வேரறுத்து எடுத்த மரத்தில் இரண்டுமே குறைவு. கத்திரிக்கோல் அவற்றைக் கொடுக்காது.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் நான் வெட்டவே இல்லை. ஆழமான பெட்டியில் செங்கல் ஜல்லியும் பருமணலும் தேங்காய் நார்த்தூளும் நிரப்பி வைத்தேன். புது இலை முற்றும்வரை நிழல், பிறகு முழு வெயில். வேர் பிடித்தது தெரிந்த பிறகே கடலைப் புண்ணாக்கு ஊறிய தண்ணீரைப் பத்துப் பங்கு நீர்க்க வைத்து ஊற்றினேன். கொம்புகள் கை நீளத்துக்கு ஓடின. வந்தவர்கள் "காடு மாதிரி இருக்கே" என்றார்கள். அந்தக் காடுதான் மரத்துக்குச் சமையலறை.

மறு பங்குனியில் மேல்கொம்புகளை மட்டும் குறுக்கினேன். கீழே இருந்த நோஞ்சான் கொம்புகளைத் தொடவில்லை. வலுத்ததை அடக்கினால்தான் மெலிந்ததற்குப் பங்கு கிடைக்கும். மேல் இலைகளையும் பாதி கிள்ளி, அடிமரத்தில் வெயில் விழச் செய்தேன். வெட்டிய இடமெல்லாம் பால் முத்து முத்தாகத் திரண்டு பட்டையில் வழிந்தது. அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து, காலையில் தண்ணீர் தெளிக்கும்போது பட்டை மடிப்பில் கடுகளவு பச்சை. நான்கைந்து நாளில் அது ஊசிபோல் நீண்டு, உறையை உதிர்த்து, நகக்கண் அளவு இலையை விரித்தது. அடுத்த வாரம் ஒரே கணுவில் ஐந்தாறு கிளம்பின. கூட்டமாக விட்டால் அந்த இடம் புடைத்துக்கொள்ளும். நல்ல திசையில் இருந்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விரலால் தேய்த்து எடுத்தேன்.

செத்த கிளைக்கு இரண்டு விரல்கடை கீழேயும் ஒன்று வந்திருக்கிறது. அதற்கு நான் இன்னும் கம்பி சுற்றவில்லை. தடையில்லாமல் ஓடினால்தான் அடிமரத்துக்கு ஏற்றபடி தடிக்கும். இப்போது பென்சில் பருமன், நீளம் ஒரு முழம்.