சட்டை காணாது

தோஹாவிலிருந்து லீவில் வந்த ஒருவரிடம் அத்தான் ஒரு சட்டை குடுத்து விட்டிருந்தார். மஞ்சள் நிறம், இடுப்பில் ஒரு துணிப்பூ. குட்டிக்கு அப்போது இரண்டரை வயது. அக்கா தலையால் போட்டுப் பார்க்க, கழுத்தோடு நின்றுவிட்டது. கையைத் தூக்கி, இழுத்து, ஒரு மாதிரி உள்ளே விட்டாலும் முதுகுத் தெறி பூட்டேலாமல் இருந்தது. "காணாது" என்றா அம்மா. குட்டி அதுக்குள் ஒரு கையை உருவிக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவிட்டாள்.

அன்று பின்னேரம் அத்தான் கோல் எடுத்தபோது யாருக்கும் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கடைசியில் அக்காதான் சொன்னா. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "படத்தில பாக்க அந்தளவாத்தானே இருந்தாள்" என்றார்.

அந்தப் படங்கள் எல்லாம் நான் எடுத்தவை.

அத்தான் போகும்போது குட்டிக்கு ஐந்து மாதம். லீவு இரண்டு தரம் தள்ளிப்போய்விட்டது. வீடியோ கோல் இருக்கே என்று கேட்பீர்கள். ஓடித் திரிகிற பிள்ளையோடு வீடியோ கோல் எடுத்தவர்களுக்குத் தெரியும், அதில் தெரிவது பெரும்பாலும் மேலே சுத்துகிற ஃபானும், இடைக்கிடை ஒரு மூக்கும்தான். அதனால் "சித்தி நல்ல கமரா வச்சிருக்கிறாள், அவள் எடுத்து அனுப்பட்டும்" என்பது வீட்டில் எழுதாத ஒப்பந்தமாகியிருந்தது.

நல்ல கமரா என்றால், மஹாபொலக் காசையும் ரியூஷன் குடுத்த காசையும் சேர்த்து நான் செக்கன் ஹாண்டில் வாங்கின கனன் 700டி. கூடவே வருகிற 18-55 லென்ஸ். கோயில் திருவிழா, கம்பஸ் நிகழ்ச்சி எல்லாம் அதில் ஒரு குறையும் இல்லாமல் எடுத்திருக்கிறேன். குட்டி நடக்கத் தொடங்கிய பிறகுதான் பிரச்சினை வந்தது. எடுத்ததெல்லாம் ஆடியிருந்தது. ஒரு படத்தில் அவளுக்கு மூன்று கை.

முதலில் என் கைதான் ஆடுகிறது என்று நினைத்தேன். லென்ஸில் ஆட்டத்தைக் குறைக்கிற ஸ்டெபிலைசர் இருக்கிறது, அதையும் போட்டுத்தான் எடுத்தேன். அது என் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், பிள்ளையின் ஓட்டத்தைப் பிடிக்காது என்பது விளங்க ஒரு மாதம் போனது. எங்கள் ஹோலில் ஒரேயொரு ரியூப்லைட். 55க்கு சூம் பண்ணினால் அந்த லென்ஸ் எஃப் 5.6க்கு மேலே திறக்காது. ஐஎஸ்ஓவை 1600க்கு ஏத்தினாலும் ஷட்டர் 1/30 செக்கனுக்குக் கிட்டத்தான் வரும். குட்டி செக்கனுக்கு இரண்டு மீற்றர் ஓடுகிறாள் என்று வையுங்கோ. அந்த 1/30 செக்கனுக்குள் அவள் ஆறு, ஏழு சென்ரிமீற்றர் நகர்ந்துவிடுவாள். ஒரு முகம் மற்ற முகமாகிற அளவு தூரம் அது. 1/500 என்றால் நாலு மில்லிமீற்றர்தான்.

கமராவில் இருக்கிற பிளாஷை அடித்தால் படம் ஆடாது. ஆனால் அடையாள அட்டைப் படம் மாதிரி ஒரு முகம் வரும். இரண்டாம் தரம் அடித்தால் பிள்ளை கமராவைக் கண்டதும் கண்ணைப் பொத்தப் பழகிவிடும். எங்கள் வீட்டில் அது நடந்தது.

தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்ன ஒரே மருந்து 50 எம்எம், எஃப் 1.8. கனன் லென்ஸ்களில் மலிவானவற்றில் ஒன்று. மலிவு என்பதெல்லாம் 2022க்கு முந்தின கதை. டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டிய பிறகு அந்த வசனத்தை நம்மட நாட்டில் யாரும் சிரிக்காமல் சொல்ல முடியாது. அதையும் பழசாகத்தான் வாங்கினேன். கடைக்கார அண்ணா விலையை என்னோடு வந்த தம்பியிடம்தான் சொன்னார். கமரா என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

எஃப் 5.6க்கும் எஃப் 1.8க்கும் இடையில் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம். அதே ஹோல், அதே ரியூப்லைட், ஷட்டர் 1/320. முதல் நாளே குட்டி சிரித்துக்கொண்டு திரும்புகிற ஒரு படம் கிடைத்தது. கண்மடல் ஒவ்வொன்றாக எண்ணலாம். பின்னால் சுவர், அலுமாரி, காயப்போட்ட துணி எல்லாம் கரைந்து ஒரே பால்நிறம். பேஸ்புக்கில் போட்டேன், லைக் கொட்டியது. அன்று இரவே அக்கா கண்ணூறு கழித்துவிட்டு, "இனி எங்கயும் போடாத, அவருக்கு மட்டும் அனுப்பு" என்றா. அதில் எனக்கு இப்போது மறுபேச்சு இல்லை. அவளுடைய முகம் அவளுக்குச் சொந்தம், என்னுடைய லைக்குக்கு இல்லை.

அப்படி ஒரு வருசத்துக்குக் கிட்ட, 50ஐக் கழற்றவேயில்லை.

சட்டை வந்த இரவு அந்தப் படங்களை முதலிலிருந்து பார்த்தேன். அத்தானுடைய கண்ணால் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பார்த்தேன். முகம், முகம், முகம். ஒரு காது. கன்னத்தில் சோறு. பாதத்தைக் காணவில்லை. அவளுக்குப் பக்கத்தில் எந்தச் சாமானும் இல்லை. இருந்ததெல்லாம் பால்நிறமாகிவிட்டது. முதல் படங்களின் தலையணையும் கடைசிப் படங்களின் சுவரும் ஒரே மாதிரி இருந்தன. அந்த மனிசன் எதை வைத்து அளவு பிடிப்பார்?

காரணம் லென்ஸுக்குள்ளேயே இருந்தது. 700டியின் சென்சர் சின்னது. அதில் 50ஐப் போட்டால், பெரிய சென்சரில் 80 போட்ட மாதிரி நெருக்கிக்கொண்டு வரும். 90 சென்ரிமீற்றர் உயரப் பிள்ளையைத் தலையிலிருந்து கால்வரை பிடிக்க, கமராவை நெட்டுக்குப் பிடித்தாலும் இரண்டு மீற்றர் தள்ளி நிற்க வேணும். அதுவும் விளிம்பு முட்டத்தான் வரும். எங்கள் ஹோலில் இரண்டு மீற்றர் பின்னால் போனால் என் முதுகு அலுமாரியில் முட்டும். அதுக்குள் அவள் என்னிடம் ஓடி வந்துவிடுவாள். ஆகவே முகம்தான் கிடைக்கும். ஒரு மீற்றரில் எஃப் 1.8க்குத் திறந்து வைத்தால் தெளிவாக வருகிற ஆழம் மூன்று சென்ரிமீற்றர்கூட இல்லை. கண் தெளிவென்றால் காது கலங்கும். நான் கலை என்று நினைத்தது பாதி, வீட்டில் இடம் இல்லாததால் வந்தது.

இன்னொன்று, நான் நின்றுகொண்டு எடுத்திருக்கிறேன். மேலேயிருந்து எடுத்தால் கமராவுக்குக் கிட்ட இருக்கிற தலை பெருத்து, கால் குறுகிப் போகும். முழுசாக வந்திருந்த நாலைந்து படத்திலும் அவள் உண்மையைவிடக் கட்டையாகத்தான் இருந்தாள்.

ஊடகக் கற்கைகள் படிக்கிற சிநேகிதி ஒருத்தியிடம் கனனின் 24 எம்எம், எஃப் 2.8 இருந்தது. பிஸ்கட் தடிப்பில் ஒரு லென்ஸ். கமராவில் போட்டால் லென்ஸ் இருக்கிற மாதிரியே தெரியாது. இரண்டு கிழமைக்குக் கேட்டு வாங்கினேன். முதல் நாள் பிடிக்கவேயில்லை. பால்நிறம் இல்லை. பின்னால் இருக்கிற எல்லாம் தெரிந்தது: உடைந்த பிளாஸ்ரிக் கதிரை, அம்மாவின் மருந்துப் பெட்டி, காலண்டர். "வீட்டைக் கூட்டிட்டு எடுத்திருக்கலாமே" என்றா அக்கா.

ஆனால் ஒரு மீற்றர் தூரத்தில் முழுப் பிள்ளையும் வந்தாள். அதே தூரத்தில் எஃப் 2.8இல் கிட்டத்தட்ட 18 சென்ரிமீற்றர் ஆழம் தெளிவாக இருக்கும். அவள் கொஞ்சம் முன்பின் போனாலும் படம் பிழைக்காது. 16 சென்ரிமீற்றர் வரை கிட்டப் போனாலும் ஃபோகஸ் பிடிக்கும். அது எவ்வளவு வசதி என்று அவள் லென்ஸைப் பிடிக்க விரலை நீட்டியபோதுதான் தெரிந்தது. அந்த விரலும் தெளிவாக வந்தது. கண்ணாடியில் பட்ட சீனிப்பாணியைத் துடைக்க அரைமணித்தியாலம் போனது. அதைச் சிநேகிதிக்கு இதுவரை சொல்லவில்லை, இதை வாசித்துத்தான் அறியப்போகிறாள்.

24ஓடு நின்றுகொண்டு எடுக்க முடியாது. தரையில் இருக்க வேணும். சில நேரம் முழங்காலில் அவளுக்குப் பின்னால் போக வேணும். 50ஐ வைத்திருந்தபோது அவள் விளையாட, நான் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது அவளுக்கு நானும் விளையாட்டில் ஓர் ஆள். சட்டியில் மண்சோறு போட்டுத் தருவாள். ஒரு கையில் கமரா, மற்றக் கையில் சட்டி. நல்ல படம் போன நேரங்கள் அதில் நிறைய உண்டு.

வெளிச்சம் குறையத்தான் செய்யும். எஃப் 1.8ஐவிட எஃப் 2.8இல் பாதிக்கும் குறைவு. அதனால் இரவு ஹோலில் எடுப்பதை விட்டேன். அங்கே இன்னொரு கரைச்சலும் இருந்தது. பழைய ரியூப்லைட் செக்கனுக்கு நூறு தரம் மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, ஷட்டரை 1/500க்குக் கொண்டுபோனால் தெரியும். தொடர்ந்து எடுக்கிற ஐந்து படத்தில் இரண்டு இருட்டாகவும் ஒன்று மஞ்சளாகவும் வரும். கமரா பழுதாகிவிட்டது என்று ஒரு நாள் முழுக்கப் பயந்திருக்கிறேன். இப்போது பின்னேரம் நாலரைக்குப் பிறகு விறாந்தையிலும் முற்றத்திலும்தான் எடுக்கிறேன். அவள் ஓடுகிற பக்கமெல்லாம் ஃபோகஸைத் துரத்த, ஏஐ சேர்வோ என்கிற மோட். அதுவும் தடுமாறினால், அவள் எப்படியும் வந்து மிதிக்கப் போகிற படியில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துவிட்டுக் காத்திருப்பேன். பிள்ளைகள் எங்கே ஓடுவார்கள் என்று தெரியாது என்பார்கள். பொய். ஒரு நாளைக்கு நாற்பது தரம் அதே படிதான்.

நெடுந்தூர லென்ஸ் ஒன்றையும், 55-250, ஒரு நாள் வாங்கிப் பார்த்தேன். முன்பள்ளி விளையாட்டுப் போட்டி, கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டிய இடம், நல்ல வெயில். அதுக்கு அதுதான் சரி, 1/1000 ஈசியாக வரும். குட்டி மட்டும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் சித்தியைக் கண்டதும் முடிவுக் கோட்டை விட்டுவிட்டு என்னை நோக்கி ஓடி வந்தாள். கடைசிப் படத்தில் ஒரு நெற்றியும் பாதி ரிபனும் இருக்கிறது.

இப்போது யாராவது "சின்னப் பிள்ளையள எடுக்க என்ன லென்ஸ் வாங்க?" என்று கேட்டால் உடனே பெயர் சொல்ல வாய் வருவதில்லை. கையில் இருக்கிற 18-55இன் வளையத்தை 24இல் வைத்து ரேப் ஒட்டிவிட்டு ஒரு நாள் எடுங்கோ, அடுத்த நாள் 50இல் ஒட்டுங்கோ என்று சொல்வேன். காசு செலவில்லை. எதில் சுவரில் முட்டுகிறீர்கள், எதில் முழங்கால் நோகுது என்று பின்னேரமே தெரிந்துவிடும். ஃபோன் மட்டும் இருப்பவர்கள் போர்ட்ரெயிட் மோடை நிறுத்திப் பாருங்கோ. ஃபோனின் சாதாரண லென்ஸே போதுமான அளவு அகலம்தான். 50ஐ நான் விற்கவில்லை. அவள் நித்திரையாகும்போது அதைவிட நல்ல லென்ஸ் இல்லை.

போன மாதம் குட்டிக்கு மூன்று வயது முடிந்தது. விறாந்தைச் சுவரோரம் அத்தானுடைய லுமாலா சைக்கிள் இரட்டை ஸ்ராண்டில் நிற்கிறது. போகும்போது விட்ட இடத்தில்தான் நிற்கிறது. குட்டி பெடலைக் கையால் சுத்தி, பின் சில்லு ஓடுவதைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். நான் தரையில் இருந்து, கமராவை அவள் நெஞ்சு உயரத்துக்குப் பிடித்தேன். அகல லென்ஸில் ஒன்று கவனிக்க வேணும். அவள் சைக்கிளுக்கு முன்னால் வந்தால் பெரிசாகத் தெரிவாள், பின்னால் போனால் சிறுத்துவிடுவாள். இரண்டும் ஒரே தூரத்தில் வரும் வரை காத்திருந்தேன். 1/500. கம்பிகள் மட்டும் கலங்கியிருந்தன, மற்ற எல்லாம் தெளிவு. அவள் காலில் செருப்பு மாறிப் போட்டிருந்ததுகூடத் தெரிந்தது.

அனுப்பி ஒரு மணித்தியாலம் கழித்து வொய்ஸ் மெசேஜ் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டா. முதலில் அந்தப் பக்க அறையின் ஏசிச் சத்தம்.

"சீற்றுக்குக் கிட்ட வந்திட்டாள் என்ன..."

பிறகு கொஞ்சம் இடைவெளி.

"முன் சில்லு காத்துப் போய்க் கிடக்கு. ஒருக்கா அடிச்சு வையுங்கோ. அப்பிடியே நிண்டா ரயர் வெடிச்சுப் போகும்."